பிளானில் நமக்கு இடம் எங்கே?

ஓசூருக்குச் சர்வதேச விமான நிலையம் வரும் என்று 2024 ஜூன் 27-ம் தேதி சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். நிலம் 2,000 ஏக்கர். வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகள். அதன்பின் இடத் தேர்வுப் பேச்சில் பேரிகை, பாகலூர் வட்டாரத்தின் பெயர் அடிபடத் தொடங்கியது. அன்று முதல் இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரே கவலைதான். எந்த ஊர் நிற்கும், எந்த ஊர் போகும்? யாருடைய கிணறு, யாருடைய தக்காளித் தோட்டம், யாருடைய குடிசை கோட்டுக்கு உள்ளே விழும்?

இப்படிப்பட்ட திட்டம் எது வந்தாலும் முன்னால் ஓடி வருவது ஒரு வண்ணப் படம். கண்ணாடிச் சுவர், வளைந்த கூரை, பச்சைப் புல்தரை, வரிசையாய் மரம். படத்தில் மனிதர்களும் உண்டு. கோட்டு போட்டவர் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார். ஓர் அம்மையார் குழந்தையின் கையைப் பிடித்து நடக்கிறார். அந்தக் கூரையைத் தூக்கி நிறுத்திய கம்பி கட்டுகிறவர் அதில் இல்லை. கலவை சுமந்த சித்தாள் இல்லை. அந்த மண்ணில் போன வருஷம் வரை கோஸ் நட்டவர் இல்லவே இல்லை.

படம் அழகாகத்தான் இருக்கிறது. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அழகைக் காட்டும் அதே காகிதம் அதிகாரத்தையும் காட்டுகிறது, ஏற்றத்தாழ்வையும் காட்டுகிறது. பார்க்கத் தெரிந்தவனுக்கு அது தெரியும். ஆகவே பாட்டாளிகளான நாமும் பிளானைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

கோடு என்பது உத்தரவு

கட்டிட வேலை செய்யும் தோழர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஒரு கட்டிடத்துக்கு முக்கியமாக மூன்று படம் போடுவார்கள். மேலிருந்து பார்த்தால் அறைகள் எப்படி இருக்கும் என்று காட்டுவது பிளான். தெருவிலிருந்து பார்த்தால் முகப்பு எப்படித் தெரியும் என்று காட்டுவது எலிவேஷன். கட்டிடத்தை நெடுக வெட்டினால் உள்ளே உயரம், தாழ்வு, படிக்கட்டு எல்லாம் எப்படி இருக்கும் என்று காட்டுவது செக்‌ஷன்.

முதலாளி ஊருக்குக் காட்டுவது எலிவேஷனை. அதில்தான் அழகு. வர்க்க பேதம் ஒளிந்திருப்பது பிளானில். பெரிய பங்களாவின் பிளானை எடுத்துப் பாருங்கள். முன்வாசல், வரவேற்பு அறை, காற்றோட்டமான படுக்கை அறைகள். கடைசியில், சமையலறைக்குப் பின்னால், ஜன்னல் இருந்தும் இல்லாத ஒரு சின்னக் கட்டம்: வேலைக்காரர் அறை. அங்கே போக வேறு வழி. நகரத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனி லிப்ட் வைத்த இடங்களும் உண்டு. அந்தப் பெண் எந்தக் கதவு வழியாக வர வேண்டும் என்பதை வீட்டு எஜமானி முடிவு செய்யும் முன்பே, காகிதத்தில் கோடு போட்டவன் முடிவு செய்துவிட்டான். அந்தக் கோட்டை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சுவராகவே எழுந்து நின்று அது உத்தரவு போடுகிறது.

கல்லில் எழுதிய கணக்கு

இது நேற்று வந்த வழக்கம் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். 1010-ம் ஆண்டு வாக்கில் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்தது. தமிழ் உழைப்பாளியின் கைத்திறனுக்கு அது பெரும் சாட்சி. அதைக் கட்டிய தலைமைத் தச்சனின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். நல்லது. ஆனால் மலைபோன்ற கற்களை இழுத்து ஏற்றியவர்களின் பெயர் அங்கே இல்லை.

அதே கோயில் கல்வெட்டுகளில் கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலக் கணக்கு வருகிறது. அந்தக் கணக்கில் ஊர் நத்தம் தனி, கம்மாளர் வாழும் சேரி தனி, பறைச்சேரி தனி, தீண்டாச்சேரி தனி என்று பிரித்து எழுதியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் கிராமத்துக்குப் போட்ட பிளான் அது! விமானத்தின் அழகும் சேரியின் எல்லைக் கோடும் ஒரே கல்லில் இருக்கின்றன. இன்றும் பல கிராமங்களில் அந்தக் கோடு அழியவில்லை. தார் ரோடு ஊருக்குள் நுழைந்து, காலனிக்கு முன்னால் நின்றுவிடுகிற காட்சியைப் பார்க்காத விவசாயத் தொழிலாளி உண்டா?

வெள்ளைக்காரன் போட்ட பிளான்

பின்னால் வெள்ளைக்காரன் வந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்பவர் ஓசூரில் மாளிகை எழுப்பினார். இங்கிலாந்தில் உள்ள கெனில்வொர்த் கோட்டையின் சாயல் அதற்கு. அந்தச் சீமைக் கோட்டையை ராகி விளையும் பூமியில் எழுப்ப வேண்டிய அவசியம் என்ன? ரயத்தின் கண்ணில் அதிகாரம் தெரிய வேண்டும், அதுதான் அவசியம். அந்த மாளிகை பின்னால் சிதிலமாய்ப் போயிற்று.

எல்லைக்கு அப்பால், கோலார் தங்கவயலில் நடந்ததோ இன்னும் பெரிய பாடம். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் சுரங்கம் வளர்ந்தது. துரைமார்களுக்குத் தோட்டம் சூழ்ந்த பங்களா, கிளப், கோல்ப் மைதானம். அதைச் சின்ன இங்கிலாந்து என்றே பெருமையாகச் சொன்னார்கள். பூமிக்குள் இறங்கித் தங்கம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன தமிழர்கள். அவர்களிலும் தாழ்த்தப்பட்ட மக்களே அதிகம். அவர்களுக்குக் கிடைத்தது கூலி லயன். மூங்கில் தட்டிச் சுவர் வைத்த குடிசைகள். தட்டி வீடு என்றே அதற்குப் பெயர். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. வந்தது சுரங்க இயந்திரத்துக்காக. லயன் வீட்டு இருட்டைப் போக்க அல்ல.

துரையின் பங்களா மேட்டில், கூலி லயன் பள்ளத்தில். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே காவல். சுரங்கக் கம்பெனியின் டிராயிங் ஆபீசில் உட்கார்ந்திருந்தவனுக்கு இரும்பு உருளையின் அளவும் தெரியும், தொழிலாளி படுக்கும் தரையின் அளவும் தெரியும். இரண்டையும் செலவுக் கணக்காகவே பார்த்தான்.

ஆனால் அதே லயன்களில்தான் ஒற்றுமையும் பிறந்தது. 1930-ல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தபோது ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்து அந்தத் திட்டத்தைக் கைவிட வைத்தார்கள். 1946 போராட்டத்தில் ரத்தம் சிந்தியது. செங்கொடித் தியாகிகளைத் தங்கவயல் இன்றும் மறக்கவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். தங்கம் கப்பலேறிப் போயிற்று. லயன் வீடுகளும் அதில் வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் அங்கேயே நின்றார்கள்.

டில்லியிலும் இதே கதைதான். 1911-ல் தலைநகரை டில்லிக்கு மாற்றினான் வெள்ளைக்காரன். ரைசினா, மால்சா கிராமத்து விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கினான். வைசிராய்க்கு 340 அறைகள் கொண்ட மாளிகை. அதை வரைந்தவர் எட்வின் லட்யன்ஸ். மாளிகையிலிருந்து யார் எவ்வளவு தூரத்தில் குடியிருப்பது, யாருக்கு எத்தனை பெரிய மனை என்பதெல்லாம் பதவியையும் தோல் நிறத்தையும் பார்த்தே பிரிக்கப்பட்டது. வெள்ளை அதிகாரி பக்கத்தில். இந்தியக் குமாஸ்தா தூரத்தில். சேவகன் அதற்கும் அப்பால். இதற்கு நடுவில் லட்யன்சுக்கும் உடன் வேலை பார்த்த ஹெர்பர்ட் பேக்கருக்கும் பெரிய சண்டை. எதற்கு? ரோட்டின் சாய்வினால் கீழே நின்று பார்ப்பவனுக்கு வைசிராய் மாளிகை மறைகிறதே என்று! அந்தச் சாய்வுக்கு முன்னால் சம்மதித்தவரும் லட்யன்ஸ்தான். மாளிகை கொஞ்சம் மறைந்ததற்கு வருஷக் கணக்கில் சண்டை. நிலம் முழுசாய்ப் பறிபோன மால்சா விவசாயிக்காக அந்த டிராயிங் ஆபீசில் ஒரு பேச்சு உண்டா?

சுதந்திரம் வந்த பின்

வெள்ளைக்காரன் போனான், கோடு போனதா?

1950-களில் சண்டிகர் நகரம் எழுந்தது. உலகப் புகழ் பெற்ற லெ கொர்பூசியே பிளான் போட்டார். சர்க்கார் ஊழியர் வீடுகளை மாக்ஸ்வெல் பிரை, ஜேன் டிரூ, பியர் ஜான்னரே ஆகியோர் வரைந்தார்கள். அவர்களை முழுக்கக் குறை சொல்வது நியாயமல்ல. கடைநிலை ஊழியனுக்கும் தண்ணீர், கழிப்பிடம், வெயிலைத் தடுக்கும் சுவர் வேண்டும் என்று அக்கறையாய் உழைத்தார்கள். அப்படியும் வீடுகள் சம்பளப் படியின்படி 13, 14 வகையாகப் பிரிந்தன. அமைச்சர் வீடு ஒரு வகை. பியூன் வீடு கடைசி வகை. மனிதனின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று பார்த்து அறையைக் கூட்டவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தே கூட்டினார்கள்.

சரி, அந்தக் கடைசி வகைக்கும் கீழே யார்? நகரத்தைக் கட்டிய கூலிகள். அவர்களுக்குப் பிளானில் வகையே இல்லை. செங்கல் சுமந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்த உழைப்பாளிகளும் குடிசைக் காலனிகளில் ஒண்டிக்கொண்டார்கள். பல பத்தாண்டு நின்ற அப்படியான ஒரு குடியிருப்பு நாலாம் நம்பர் காலனி. அதை இடித்துத் தள்ளிய நாள் 2022 மே 1. உழைப்பாளர் தினத்தில்தான் உழைப்பாளியின் வீட்டை இடித்தார்கள்!

கட்டில் கணக்கு

இப்போது நம் வாசலுக்கு வருவோம். 1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. பிறகு மோட்டார், கைக்கடிகாரம், இப்போது எலெக்ட்ரானிக்ஸ் என்று ஆலைகள் பெருகின. இந்த ஆலைகளின் பிளான்களில் இயந்திரத்துக்கு எவ்வளவு இடம், லாரி திரும்ப எவ்வளவு இடம், அதிகாரியின் காருக்கு எவ்வளவு நிழல் என்று எல்லாம் உண்டு. ஷிப்டு முடிந்த தொழிலாளி எங்கே தூங்குவான் என்பதற்கு வெகுகாலம் ஒரு கோடும் இல்லை. ஒற்றை அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று வாடகைக்கு ஒண்டினார்கள், ஒண்டுகிறார்கள்.

2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது? பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கிய விடுதியில் உணவு கெட்டு 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போகும் அதே ரோடுதான்! விடுதிகள் சில தரக் குறைவாக இருப்பதைக் கம்பெனிகளே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. விடுதியின் லட்சணம் வெளியே வந்தது பிளானைப் பார்த்த அதிகாரியால் அல்ல. ரோட்டில் உட்கார்ந்த பெண்களால்.

அதன்பின் வல்லம் வடகாலில் சர்க்கார் பெரிய குடியிருப்பு கட்டியது. 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்தார்கள். செலவு 706.50 கோடி ரூபாய். 13 கட்டிடங்கள். 18,720 கட்டில்கள். பழைய விடுதிகளைவிட இது நல்லது, வரவேற்கலாம். ஆனால் அந்தக் கணக்கை மறுபடி படியுங்கள். பணக்காரன் வீட்டை எத்தனை சதுர அடி என்று கேட்கிறோம். நடுத்தரக் குடும்பத்தின் வீட்டை எத்தனை படுக்கை அறை என்று கேட்கிறோம். தொழிலாளியின் வீட்டை மட்டும் எத்தனை கட்டில் என்று கேட்கிறார்கள்! கட்டிலில் தூங்கலாம். அதில் தாயை அழைத்து வைத்துக்கொள்ள முடியுமா? கல்யாணம் செய்து குடித்தனம் நடத்த முடியுமா? பிள்ளை வளர்க்க முடியுமா? சங்கத் தோழியர் நாலு பேர் கூடிப் பேச ஓர் அறை உண்டா? கம்பெனிக்கு வேண்டியது நாளைக் காலை ஷிப்டுக்கு வரும் இரண்டு கை. அந்த இரண்டு கைக்கு எவ்வளவு இடம் போதுமோ அவ்வளவுதான் பிளானில் விழுகிறது. வேலை போனால் கட்டிலும் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அழகு நமக்கும் வேண்டும்

இதைச் சொன்னால், கம்யூனிஸ்டுகளுக்கு அழகு பிடிக்காது, எல்லாரையும் பெட்டி வீட்டில் அடைத்துவிடுவார்கள் என்று சிலர் கேலி செய்வார்கள். சரித்திரம் அவர்களுக்குப் பதில் சொல்லட்டும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் வியன்னா நகரசபை தொழிலாளிகளின் கட்சி கையில் இருந்தது. நம் கட்சி அல்ல. சமூக ஜனநாயகக் கட்சி. அவர்களோடு நமக்குத் தத்துவச் சண்டை உண்டு. ஆனாலும் நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். பணக்காரர் மீது கூடுதலாக விழும்படி வீட்டு வரி போட்டு, 1934-க்குள் 60,000-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினார்கள். அவற்றில் பெயர் பெற்றது கார்ல் மார்க்ஸ் ஹோப். வரைந்தவர் கார்ல் என். 1930-ல் திறந்தது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். கட்டிடம் நின்றது நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றதெல்லாம் முற்றம், தோட்டம். சலவைக்கூடம், குழந்தைகள் பள்ளி, நூல் நிலையம் எல்லாம் பிளானிலேயே இருந்தன. அரண்மனைக்கு வைக்கும் கம்பீரமான வளைவு வாசலைத் தொழிலாளி வீட்டுக்கு வைத்தார்கள். ஆளும் வர்க்கத்துக்கு அது பொறுக்குமா? 1934 பிப்ரவரியில் அந்த வீடுகள் மீது பீரங்கி வைத்துச் சுட்டார்கள். பாட்டாளியின் வீடு அழகாயிருப்பது எவ்வளவு பெரிய குற்றம் பாருங்கள்!

நம் பக்கத்துக் கேரளத்துக்கு வாருங்கள். 1970-ல் அமலுக்கு வந்த நிலச் சீர்திருத்தம் கிராமத்துக் குடிகிடப்புக்காரருக்கு 10 சென்ட் வரை உரிமை தந்தது. 1972-ல், தோழர் சி. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்தபோது, வீட்டு வசதி அமைச்சர் தோழர் எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டத்தைக் கொண்டுவந்தார். நிலமற்ற உழைப்பாளிக்குச் சொந்த வீடு என்பதே லட்சியம். அந்த வீடுகள் சின்னவை; சுவரைப் பங்கு போட்ட இரட்டை வீடுகள்; குறைகள் உண்டு. ஆனால் அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டு, அவன் புருவம் நெரிந்தால் நடுங்கியவனுக்குத் தன் வாசல் என்று ஒன்று கிடைத்தது.

அதே கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டிடக் கலைஞர் இருந்தார். பழைய தபால் உறையின் பின்பக்கத்திலேயே படம் போடுவார். வேலை நடக்கும் இடத்தில் நின்று கொத்தனாரோடு பேசி முடிவு செய்வார். அந்தந்த ஊர்ச் செங்கல், சுண்ணாம்பு, ஓடு. செலவு குறையும், காற்றும் வெளிச்சமும் கூடும், பார்க்கவும் அழகு. அந்த வழியைப் பரப்ப 1985-ல் தொடங்கிய காஸ்ட்போர்டு ஸ்தாபனத்துக்கு அச்சுத மேனன் துணை நின்றார். அழகுக்கும் பணத்துக்கும் முடிச்சுப் போட்டது முதலாளித்துவம்தான் என்பதற்கு இதைவிட ருசு என்ன வேண்டும்?

பேரிகையில் என்ன கேட்பது?

ஆகவே நாம் பிளான் வேண்டாம் என்று சொல்லவில்லை. முழுப் பிளானையும் காட்டு என்கிறோம்.

சட்டத்தின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2013-ம் வருஷத்து மத்திய நில எடுப்புச் சட்டம் சமூகப் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்கிறது. நிலம் இல்லாத கூலி, குத்தகைதாரர், கைவினைஞர் ஆகியோரும் மூன்று வருஷம் அங்கே உழைத்துப் பிழைத்திருந்தால் பாதிக்கப்பட்ட குடும்பமே என்கிறது. ஆனால் தொழில் தேவைக்காகத் தமிழ்நாட்டில் 1997-ம் வருஷத்துத் தனிச் சட்டம் இருக்கிறது. 2019-ல் ஐகோர்ட் அதைச் செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை அதை உயிர்ப்பித்தது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை ஏற்றது. 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, பெரிய திட்டத்துக்கு வேண்டிய நிலத்துக்குள் ஏரி, ஓடை இருந்தாலும் சேர்த்து எடுக்க வழி செய்கிறது. பேரிகையில் எந்தச் சட்டத்தின்படி கோடு போடப் போகிறீர்கள்? இதுதான் நம் முதல் கேள்வி.

இரண்டாவது: சர்வே எண் வாரியாகக் கிணறு, ஏரி, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, ஒவ்வொரு குடிசை எல்லாம் குறித்த படத்தைக் கிராம சபையில் விரித்து வை. தமிழில் வை, இந்த எல்லைப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஜனங்கள் நிறைய, அந்த மொழிகளிலும் வை.

மூன்றாவது: பட்டாக்காரரோடு கூலிக்காரரையும் கணக்கில் எழுது. ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கும் பெண்ணின் பெயர் பட்டாவில் இருக்காது. அவள் பிழைப்போ அந்த நிலத்தில்தான் இருக்கிறது.

நான்காவது: ஆலைக்கோ விமான நிலையத்துக்கோ பிளான் அங்கீகரிக்கும்போதே தொழிலாளிக்குக் குடும்பத்தோடு வாழும் வீட்டையும் அதில் சேர். அதை வரையும் மேஜையில் சங்கத்துக்கும் நாற்காலி போடு. கட்ட வரும் தொழிலாளிகளுக்குக் காசு வாங்காமல் தங்குமிடம், தனிச் சமையலிடம், குளியலறை, கழிப்பிடம் தர வேண்டும் என்று 2025 வரை அமலில் இருந்த 1996-ம் வருஷத்துக் கட்டிடத் தொழிலாளர் சட்டத்தின் 34-வது பிரிவு சொன்னது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த நம் சகோதரர்கள் தகரக் கொட்டகையில் வெந்தபோது அந்தப் பிரிவு எங்கே தூங்கியது?

போட்ட கோடு அழியாது என்று சொல்லி நம்மைப் பயமுறுத்துவார்கள். பெங்களூரு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே, தேவனஹள்ளி தாலுகாவில், விமானத் தொழில் பூங்காவுக்கென்று 13 கிராமங்களில் 1,777 ஏக்கருக்குக் கோடு போட்டார்கள். விவசாயிகள் 2022-ல் உட்கார்ந்தார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் எழுந்திருக்கவில்லை. தொழிற்சங்கமும் விவசாயச் சங்கமும் தலித் இயக்கமும் அவர்களோடு நின்றன. 2025 ஜூலை 15-ல் கர்நாடக சர்க்கார் அந்த எடுப்பைக் கைவிட்டது. விருப்பமுள்ளவர் நிலம் தரலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். அங்குள்ள தோழர்கள் விழிப்பாகவே இருக்க வேண்டும். ஆனால் ஒன்று நிரூபணமாகிவிட்டது. பென்சில் பிடித்த கை எவ்வளவு பலமானதாயிருந்தாலும், ஒன்றுபட்ட ஜனங்கள் கோட்டை அழிக்க வைக்க முடியும்.

ஆலைத் தோழனே, நீ கட்டில் கணக்கில் அடைபட்டிருக்கிறாய். விவசாயத் தோழனே, நீ கணக்கிலேயே இல்லை. உங்கள் இருவரையும் வெளியே வைத்தது ஒரே காகிதம்தான். எனவே இருவரும் சேர்ந்தே அதைத் திறந்து பார்க்க வேண்டும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைச் சங்கமும் ஒன்றாகப் போகட்டும். பிளானைக் கேளுங்கள். அதில் உங்கள் வீடு எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால், அந்தப் பிளானுக்குக் கிராமத்தின் சம்மதம் இல்லை என்று தீர்மானம் எழுதி நிறைவேற்றுங்கள்.